தலைகீழா பறக்கும்போது இன்ஜின் ஏன் குரல் மாறுது?

நேரா பறக்கும்போது ஒழுங்கா ஓடுற இன்ஜின், விமானத்தைக் கவிழ்த்ததும் ஏன் கீச்சுனு கத்துது, இல்லைன்னா ஏன் மூக்கடைச்ச மாதிரி ஆகுது? இந்த எபிசோடு முழுக்க அதுதான்.

நான் சொல்றது ரிமோட் பிளேன் இல்லை, கண்ட்ரோல் லைன். ரெண்டு மெல்லிய எஃகுக் கம்பி, கையில ஒரு ஹேண்டில். நடுவுல நாம நிற்போம், விமானம் நம்மைச் சுத்தும். என்சிசி ஏர் விங்ல இருந்தவங்க பார்த்திருப்பீங்க. இதோட சாகசப் பிரிவுக்கு எஃப்2பி-ன்னு பேர். அதுல தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் தலைகீழாப் பறக்கணும். அந்த உயரத்துல இன்ஜின் நின்னா யோசிக்க நேரமே கிடைக்காது. மாசக்கணக்குல பால்சா மரத்தை இழைச்சு ஒட்டினது, ஒரு நொடியில சுள்ளி ஆயிடும்.

இந்த இன்ஜின்கள்ல பெரும்பாலும் பம்ப் கிடையாது. உள்ளே போற காத்தோட உறிஞ்சல்லதான் ஸ்ப்ரே பார் வழியா எரிபொருள் வருது. டேங்க் ஸ்ப்ரே பாரைவிட மேலே இருந்தா புவியீர்ப்பு கொஞ்சம் தள்ளிக் கொடுக்கும். கீழே இருந்தா இன்ஜின்தான் இழுத்து ஏத்தணும்.

20 மீட்டர் ஆர வட்டத்தை 5 நொடியில சுத்தினா வேகம் நொடிக்கு சுமார் 25 மீட்டர். எரிபொருள் வெளிப்பக்கமா உணர்ற விசை, புவியீர்ப்பைப் போல மூணு மடங்குக்கும் மேல. அதனால அது டேங்கோட வெளிச் சுவர்ல போய் ஒட்டிக்கும், உறிஞ்சுற குழாயும் அங்கேதான் இருக்கும். கவிழ்ந்தாலும் இடது இறக்கைதான் நம்ம பக்கம், அதனால வெளிச் சுவர் வெளிச் சுவராவே இருக்கு. மாறுறது புவியீர்ப்போட திசை மட்டும்தான். டேங்கின் நடுக்கோடு ஸ்ப்ரே பாருக்கு 3 மில்லிமீட்டர் மேலே இருந்தா, நேரா பறக்கும்போது 3 மி.மீ. உதவி. கவிழ்ந்தா அதே 3 மி.மீ. சுமை. மொத்த வித்தியாசம் 6.

6 மி.மீ. ஒரு விஷயமான்னு கேட்கலாம். சாகசப் பறப்புக்கு இன்ஜினை வேணும்னே ஒரு எல்லைக்கோட்டுல நிறுத்தி வைப்பாங்க. எரிபொருள் கொஞ்சம் கூடுதலா, அதாவது ரிச்சா, இருந்தா டூ ஸ்ட்ரோக் இன்ஜின் ஒரு சுத்து விட்டு ஒரு சுத்து எரிஞ்சு, ஃபோர் ஸ்ட்ரோக் மாதிரி மெதுவா உறுமும். கொஞ்சம் குறைஞ்சு லீன் ஆனா டூ ஸ்ட்ரோக்குக்குத் தாவி வேகம் பிடிக்கும். கோட்டு மேலேயே நிற்கிறவனைத் தள்ள ஒரு விரல் போதும், இல்லையா?

இங்கேதான் நிறைய பேர் நீடில் வால்வைத் திருக ஆரம்பிக்கிறாங்க. நீடில் ரெண்டு நிலையையும் சேர்த்தே ரிச் ஆக்கும், இல்லைன்னா சேர்த்தே லீன் ஆக்கும். ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற இடைவெளியை அதால தொட முடியாது. ரெண்டு சர்வர்ல ஒண்ணு மட்டும் ஸ்லோன்னா, பொதுவான கான்ஃபிக்கை மாத்தி என்ன பயன்? இடைவெளியைக் குறைக்க டேங்கோட உயரத்தைத்தான் மாத்தணும்.

காத்து அதிகமில்லாத நேரத்துல, ஒரு நண்பர் கையில ஸ்டாப்வாட்சைக் கொடுங்க. நேரா மூணு லாப், கவிழ்ந்து மூணு லாப், ஒரே உயரத்துல. நேரா 5.3 நொடி, கவிழ்ந்து 5.1 நொடின்னு வருதுன்னு வைங்க. கவிழ்ந்தப்போ வேகம் கூடுது, அதாவது லீன். டேங்க் உயரமா இருக்கு. அதைச் சக்கரம் இருக்கிற பக்கமா இறக்குங்க. கவிழ்ந்தா மெதுவாகுதுன்னா எதிர்ப்பக்கம் ஏத்துங்க. இன்ஜினை எப்படி மாட்டியிருந்தாலும் இந்த விதி மாறாது. ஒரு தடவைக்கு 0.8 மி.மீ. பிளைவுட் துண்டு ஒண்ணு போதும். மறுபடி பறக்கவிட்டுப் பாருங்க, அதுவரைக்கும் நீடிலைத் தொடாதீங்க. என்னைக் கேட்டா ஸ்டாப்வாட்சைவிட காதுதான் நம்பகமானது, ஒரு காத்து வீச்சுல நேரக்கணக்கு கெட்டுடும்.

ஒரு குழப்பத்தை மட்டும் பிரிச்சுப் பாருங்க. பறப்போட முதல் பாதி ஒரு மாதிரி, கடைசிப் பாதி வேற மாதிரின்னா அது உயரத்தோட பிரச்சினை இல்லை, எரிபொருள் குறையக் குறைய மட்டம் மாறுது. அதுக்கு யூனிஃப்ளோ டேங்க். வீட்ல தண்ணி கேனை டிஸ்பென்சர்ல கவிழ்த்து வைக்கிறோமே, கேன்ல எவ்வளவு மிச்சம் இருந்தாலும் கீழே மட்டம் மாறாது. காத்து அந்த வாய் வழியா மட்டும்தான் உள்ளே போக முடியும். யூனிஃப்ளோவும் அதேதான். காத்துக் குழாயோட வாய், உறிஞ்சுற குழாய்க்குப் பக்கத்துலயே இருக்கும். அதனால டேங்க் நிறைஞ்சிருந்தாலும் காலியாகப் போனாலும் இன்ஜினுக்குத் தெரியிற அழுத்தம் ஏறக்குறைய ஒண்ணுதான்.

பிளான் வாங்கும்போதே டேங்கைக் கழட்ட வழி இருக்கான்னு பாருங்க. உள்ளே வைச்சு ஒட்டி மூடிட்ட விமானம்னா, டேங்குக்குப் பதிலா இன்ஜினுக்கு அடியில வாஷர் கொடுத்துத் தூக்கலாம். இன்ஜின் ஏறினா டேங்க் இறங்கின கணக்குதான். ஏத்தறதுக்கு முன்னாடி ஸ்பின்னர் மூக்குல உரசாம சுத்துதான்னு கையால ஒரு சுத்து சுத்திப் பார்த்துக்கோங்க.