நாட்டுப்பற்றும் சுகாதார ஒப்பீடும்

மாணவர்களே, "எமது சுகாதார சேவை ஏனைய நாடுகளினதை விடச் சிறந்ததா?" என்று வினவப்பட்டால், 'ஆம்' அல்லது 'இல்லை' என்று எழுதினால் போதாது. எந்த அளவுகோலைக் கொண்டு ஒப்பிடுகிறீர்கள் என்பதை முதலில் குறிப்பிடுங்கள். இலங்கையையும் ஐக்கிய அமெரிக்காவையும் எடுத்து நோக்குவோம்.

1. ஆயுட்காலம்: 2019இல் இலங்கையரின் சராசரி ஆயுட்காலம் ஏறத்தாழ 77 வருடங்கள், அமெரிக்கரினது ஏறத்தாழ 79. வேறுபாடு சிறியதே.

2. செலவு: மொத்த உள்நாட்டு உற்பத்தியில் அமெரிக்கா ஏறத்தாழ 17 சதவீதத்தைச் சுகாதாரத்துக்குச் செலவிடுகிறது, இலங்கை ஏறத்தாழ 4 சதவீதத்தையே செலவிடுகிறது. இலவச சிகிச்சை, இலவசக் கல்வி, தடுப்பூசி, வீடு தேடி வரும் குடும்பநல உத்தியோகத்தரின் சேவை என்பன எமது வெற்றிக்குக் காரணங்களாகும்.

3. சிகிச்சை வசதி: புற்றுநோய் போன்றவற்றுக்கான நவீன சிகிச்சையில் அமெரிக்கா முன்னணியில் உள்ளது. இலங்கையிலோ 2022 பொருளாதார நெருக்கடியின்போது அரச வைத்தியசாலைகளிலேயே மருந்துத் தட்டுப்பாடு நிலவியது.

ஆகவே ஓர் அளவுகோலில் முன்னிற்கும் நாடு இன்னொன்றில் பின்னிற்கலாம்.

பெருமை மெத்தனமாக மாறினால் ஆபத்து என்பதற்கும் எமது நாடே சான்று. 1963இல் இலங்கையில் 17 மலேரியா நோயாளரே பதிவாகினர். கட்டுப்பாட்டுப் பணிகள் தளர்ந்தன; 1960களின் இறுதியில் பல இலட்சம் பேர் நோயுற்றனர். விடாமுயற்சியின் பயனாக 2016இல் 'மலேரியா அற்ற நாடு' என உலக சுகாதார தாபனம் சான்றளித்தது.

நினைவிற் கொள்க: சாதனையைப் போற்றுவதுடன் குறையையும் எடுத்துக்கூறித் திருத்த முனைவதே உண்மையான நாட்டுப்பற்று. உங்கள் விடையிலும் இரண்டும் இடம்பெறட்டும்.