சைக்கிளில் வந்த சலவைத்தூள்

மாணவர்களே, பள்ளிச் சீருடையில் கறிக்குழம்பு சிந்திவிட்டால் என்ன செய்வீர்கள்? சலவைத்தூளைத் தேடுவீர்கள். அந்தத் தூளில் என்னென்ன சேர்க்க வேண்டும், எதையெல்லாம் விட்டுவிடலாம் என்று யோசித்த ஒரு வேதியியல் பட்டதாரியைப் பற்றி இன்று பார்ப்போம்.

இந்தியாவின் அகமதாபாத் நகரம், 1969ஆம் ஆண்டு. குஜராத் அரசின் புவியியல், சுரங்கத் துறையில் வேலை பார்த்தவர் கர்சன்பாய் பட்டேல். அப்போது பெயர்பெற்ற சலவைத்தூளின் விலை கிலோ ஏறக்குறைய 13 ரூபாய். சாதாரணக் குடும்பங்களுக்கு அது எட்டாத விலை. பட்டேல் தம் வீட்டின் பின்புறத்தில் தூளைக் கையாலேயே கலந்து, பொட்டலம் கட்டி, சைக்கிளில் வீடு வீடாகக் கொண்டுபோய் விற்றார். விலை கிலோ ஏறக்குறைய 3 ரூபாய்தான்! மகள் நிருபமாவின் நினைவாக அதற்கு 'நிர்மா' என்று பெயர் வைத்தார்.

எப்படி இவ்வளவு மலிவாகக் கொடுக்க முடிந்தது? வாசனை, வெண்மையூட்டி போன்றவற்றை அவர் விட்டுவிட்டார். பாஸ்பேட்டும் சேர்க்கவில்லை. மலிவாகக் கிடைக்கும் சலவைச் சோடாவை, அதாவது சோடியம் கார்பனேட்டை, அதிகமாகச் சேர்த்தார். கடின நீரிலுள்ள கால்சியத்தை அது வீழ்படிவாக்கிவிடும். நீர் மென்மையானால் அழுக்கு எளிதில் நீங்கும்.

அழுக்கை எடுப்பது சலவைப்பொருளின் மூலக்கூறு. அதற்கு நீரை விரும்பும் தலையும் எண்ணெயை விரும்பும் வாலும் உண்டு. வால் எண்ணெய்ப் பிசுக்கில் புதையும். தலை அதை நீருக்குள் இழுத்து வரும்.

1980களின் நடுவில் நிர்மா, விற்பனையில் பெரிய நிறுவனத்தின் தூளையே முந்தியது. பட்டேலுக்கு 2010இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

ஆனால், மலிவுக்கும் ஒரு விலை உண்டு. சலவைச் சோடா காரத்தன்மை உடையது. அது தோலிலுள்ள எண்ணெய்ப் பசையை நீக்கிவிடும். கையால் துவைத்த பெண்களின் கைகள் வறண்டு எரிந்தன.

காரத்தை நீங்களே சோதிக்கலாம். சிறிது மஞ்சள் தூளை நீரில் கரையுங்கள். அதில் சலவைத்தூள் கரைசலைச் சில துளிகள் விடுங்கள். மஞ்சள் நிறம் சிவப்பாக மாறினால் காரம் இருக்கிறது என்று பொருள். குழம்புக் கறை சவர்க்காரம் பட்டதும் சிவப்பதும் இதனால்தான். சோதனை முடிந்ததும் கைகளை நன்றாகக் கழுவுங்கள்.

பாஸ்பேட்டை விட்டதில் இன்னொரு நன்மையும் உண்டு. பாஸ்பேட் ஆற்றில் கலந்தால் பாசி பெருகும். அந்தப் பாசி அழுகும்போது நீரிலுள்ள ஆக்சிஜன் குறைந்து மீன்கள் சாகும். கிள்ளான் ஆறு நம் போர்ட் கிள்ளானுக்கு அருகில்தான் கடலில் கலக்கிறது என்பதை மறந்துவிடாதீர்கள்.

முன்பு பெட்ரோலியத்திலிருந்து எடுத்த அந்த 'வாலை' இன்று செம்பனை எண்ணெயிலிருந்தும் தயாரிக்கிறார்கள். நம் துறைமுகத்தில் கப்பலேறும் அதே எண்ணெய்தான். பைக்கும் கைக்கும் ஆற்றுக்கும் ஒருசேர ஏற்ற தூளை உருவாக்க வேண்டிய வேலை இன்னும் மிச்சமிருக்கிறது. அதை உங்களில் ஒருவர் செய்யலாமே!