அலைச்சறுக்குப் பலகை: எடைக்கும் அலைக்கும் ஏற்றதைத் தேர்ந்தெடுத்தல்

அலைச்சறுக்குப் பலகை அல்லது சர்ஃப்போர்டு என்பது, கரையை நோக்கி வந்து உடையும் கடலலையின் சரிவில் நின்றபடி சறுக்கிச் செல்ல உதவும் மிதக்கும் பலகை. தமிழ்நாட்டில் இவ்விளையாட்டு சென்னைக்குத் தெற்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கோவளம், அதற்கும் தெற்கே மாமல்லபுரம், புதுச்சேரியை ஒட்டிய கரை, தூத்துக்குடி மாவட்டத்தின் மணப்பாடு ஆகிய இடங்களில் வேரூன்றியுள்ளது. கோவளத்தில் மூர்த்தி மேகவன் என்ற மீனவர் 2012-இல் அலைச்சறுக்குப் பள்ளியொன்றைத் தொடங்கினார். 2025 ஆகஸ்டில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டி முதன்முறையாக இந்தியாவில், மாமல்லபுரத்தில் நடைபெற்றது. அதில் இந்திய வீரர் ரமேஷ் புதிஹால் ஆண்கள் பிரிவில் வெண்கலப் பதக்கம் வென்றார்.

போட்டிகளைப் பார்த்துவிட்டுப் பலகை வாங்க வருபவர்கள் பெரும்பாலும் வீரர்கள் வைத்திருக்கும் ஆறடிக் குட்டைப் பலகையையே விரும்புகின்றனர். புதிதாகக் கற்பவருக்கு அதைவிடப் பொருந்தாத பலகை வேறில்லை. பல மாதங்கள் முயன்றும் ஓர் அலையைக்கூடப் பிடிக்க முடியாமல் விளையாட்டையே கைவிடுபவர்களின் சிக்கல் பலநேரம் உடலில் இல்லை, பலகையின் கன அளவில் இருக்கிறது.

நீளமா, கன அளவா?

பலகையின் மேல் பொதுவாக நான்கு எண்கள் எழுதப்பட்டிருக்கும். நீளம் அடியிலும் அங்குலத்திலும், அகலமும் தடிமனும் அங்குலத்திலும், கன அளவு லிட்டரிலும் இருக்கும். கடையில் எல்லோரும் முதலில் கேட்பது நீளத்தை. முதலில் பார்க்க வேண்டியது லிட்டரை.

காரணம் பள்ளியில் படித்த ஆர்க்கிமிடிஸ் தத்துவமே. ஒரு லிட்டர் கடல்நீரின் எடை ஒரு கிலோவைவிடச் சற்று அதிகம், ஏறத்தாழ 1.025 கிலோ. எனவே 70 லிட்டர் பலகை முழுதும் நீரில் அமிழ்ந்தால் கிட்டத்தட்ட 72 கிலோவைத் தாங்கும். பலகையின் சொந்த எடை 6 கிலோ என்று கழித்தாலும் 66 கிலோ மிஞ்சும். 60 கிலோ எடையுள்ளவர் அதன்மேல் படுத்தால் உடல் நீருக்கு மேலேயே இருக்கும். அதே ஆள் 26 லிட்டர் பலகையில் படுத்தால், பலகையின் எடை போக 24 கிலோவுக்கும் குறைவாகவே தாங்குதிறன் கிடைக்கும். பலகை அமிழும், மார்பும் வயிறும் நீருக்குள் இழுபடும், கைகளால் எவ்வளவு துழாவினாலும் வேகம் வராது.

அப்படியானால் வீரர்கள் எப்படி அதில் நிற்கிறார்கள்? குளத்தில் ஓட்டுச் சில்லைப் படுக்கைவாட்டில் வீசினால் அது தத்தித் தத்திப் போகும், வேகம் தீர்ந்ததும் மூழ்கும். குட்டைப் பலகையும் அப்படித்தான். அலையின் சரிவில் ஓடும்போது நீரின் எதிர்விசை அதைத் தூக்கி நிறுத்துகிறது. நின்றுபோனால் அது ஆளைத் தாங்காது. அந்த ஓட்டத்துக்குள் விரைவாக நுழையத் தேவையான தோள்வலுவும், அலை எங்கே உடையும் என்று கணிக்கும் கண்ணும் பழக்கத்தால் வருபவை.

அலையைப் பிடிப்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. ஒரு மீட்டர் ஆழமுள்ள நீரில் அலை மணிக்குச் சுமார் 11 கிலோமீட்டர் வேகத்தில் நகரும். படுத்தபடி கைகளால் துழாவுபவர் அதில் பாதி வேகத்தை எட்டினாலே நல்லது. மீதியை அலையின் சரிவுதான் கொடுக்க வேண்டும். நீளமும் மிதப்பும் கூடிய பலகை சரிவு செங்குத்தாகும் முன்பே நகரத் தொடங்கிவிடும். அதனால் எழுந்து நிற்க இரண்டொரு நொடி கூடுதலாகக் கிடைக்கிறது.

எடைக்கு ஏற்ற அளவு

புதிதாகக் கற்பவருக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 1 முதல் 1.2 லிட்டர் வரை என்பது பொதுவான கணக்கு. 60 கிலோ எடையுள்ளவருக்கு 60 முதல் 72 லிட்டர், அதாவது ஏறத்தாழ எட்டடி நீளமுள்ள மென்நுரைப் பலகை. உடையாத அலையைத் தானே பிடித்து, பக்கவாட்டில் திருப்பி ஓட்டத் தெரிந்தபின் கிலோவுக்கு 0.5 முதல் 0.65 லிட்டருக்கு இறங்கலாம். தேர்ந்தவர்கள் 0.4 லிட்டருக்கும் கீழே போவதுண்டு. மாதத்துக்கு ஒருமுறை மட்டும் கடலுக்கு வருபவரும் நாற்பது வயதைக் கடந்தவரும் இந்தக் கணக்கைவிடச் சற்றுக் கூட்டி எடுப்பது நல்லது.

உயரத்தின் பங்கு இரண்டாவதே. கை எட்டாத அளவுக்கு அகலமான பலகையை அக்குளில் இடுக்கிச் செல்வதும் அதன் இருபுறமும் துழாவுவதும் குட்டையானவருக்குத் தொல்லை. சிறுவர்களுக்கும் இது பொருந்தும். 35 கிலோ எடையுள்ள சிறுவனிடம் ஒன்பதடிப் பலகையைக் கொடுத்தால், காற்றடிக்கும்போது பலகைதான் அவனை இழுத்துச் செல்லும்.

பனிச்சறுக்குப் பலகைக்கும் எடையே முதற்கணக்கு. ஆனால் அங்கே கால்கள் பலகையோடு பூட்டப்படுவதால் காலணியின் அளவும் சேர்ந்துகொள்கிறது. காலணி நுனி பலகைக்கு வெளியே நீண்டால் திரும்பும்போது பனியில் உரசி ஆளைச் சாய்த்துவிடும். அலைச்சறுக்கு வெறுங்காலில் ஆடப்படுவதால் அந்தக் கவலை இல்லை.

எந்தக் கடல்?

வெளிநாட்டு நிறுவனங்களின் அளவு அட்டவணையை அப்படியே பின்பற்றுவதில் ஒரு சிக்கல் உண்டு. அவை பெரும்பாலும் வலுவான அலைகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. நம் கரையில் ஆண்டின் பல நாட்கள் அலை முழங்காலுக்கும் இடுப்புக்கும் இடையேதான் இருக்கும். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் தெற்கிலிருந்து வரும் அலைகள் ஓரளவு வலுப்பெறும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கடல் கொந்தளிப்பாகி, புயல் எச்சரிக்கைகளும் சேர்ந்துகொள்ளும். வலுவற்ற அலைக்கு மிதப்பு கூடிய பலகை வேண்டும் என்பதால், நன்கு கற்றவர்கூட இங்கே அட்டவணை சொல்வதைவிட சில லிட்டர் கூட்டி வைத்துக்கொள்வதே பயன்தரும்.

திருச்சி மாவட்டத்தவர் இன்னொன்றையும் அறிந்திருக்க வேண்டும். உப்பிலியபுரம், துறையூர் பக்கத்திலிருந்து கிளம்புபவருக்குத் தஞ்சை, புதுக்கோட்டைக் கடற்கரைகள் மணப்பாட்டைவிடவும் கோவளத்தைவிடவும் பக்கம். ஆனால் பாக் நீரிணையை இலங்கை மறைத்து நிற்பதால் அங்கே சறுக்கும் அளவுக்கு அலை எழுவதில்லை. ராமேசுவரம் பகுதியின் அமைதியான நீர் பட்டம் கட்டிச் சறுக்கும் கைட் சர்ஃபிங்குக்கு ஏற்றது, அதற்கான பலகையே வேறு. கிணற்றில் குதித்து நீச்சல் பழகியவருக்குத் தண்ணீர்ப் பயம் இருக்காது என்பது பெரிய சாதகம்தான். எனினும் கடலில் அலை திரும்பும்போது உள்ளே இழுக்கும் நீரோட்டத்தைக் கிணறு கற்றுத்தராது. பெரிய மென்நுரைப் பலகை இங்கே மிதவையாகவும் உதவுகிறது. ஓட்டத்தில் சிக்கினால் அதை விடாமல் பற்றிக்கொண்டு, கரைக்கு இணையாகத் துழாவி வெளியேற வேண்டும்.

சறுக்கும் முறை

ஒன்பதடியும் அதற்கு மேலும் உள்ள லாங்போர்டு சிறிய அலையிலும் நெடுந்தூரம் ஓடும். அதன்மேல் முன்னும் பின்னும் நடந்து, மூக்குநுனியில் நின்று ஓட்டுவது தனிக் கலை. ஷார்ட்போர்டு சட்டென்று திரும்பும், ஆனால் செங்குத்தான அலை கேட்கும். இரண்டுக்கும் நடுவே ஏழு முதல் எட்டடிப் பலகைகளும், அகன்று பிளவுபட்ட வால் கொண்ட ஃபிஷ் வகையும் உள்ளன. எங்கள் கரைக்கு ஒரே ஒரு பலகைதான் வாங்க முடியும் என்றால், கற்றுத் தேறியவருக்கு இந்த நடுவகையையே பரிந்துரைக்கலாம்.

பக்கவாட்டில் பார்த்தால் பலகையின் மூக்கு மேல்நோக்கி வளைந்திருக்கும். இதை ராக்கர் என்பர். வளைவு கூடினால் மூக்கு நீரில் குத்தாது, ஆனால் வேகம் குறையும். கட்டுமரத்தின் முன்பகுதி மேல்நோக்கி எழுந்திருப்பதும் அலையைத் தாண்டும்போது நீருக்குள் குத்தாமல் இருக்கவே. எத்தனை பேர் ஏறுகிறார்கள், என்ன தொழில் என்பதைப் பொறுத்து எத்தனை மரம் கட்டுவது என்று முடிவெடுத்த கடற்கரைக்கு, ஆளுக்கேற்ற பலகை என்பது புதுச்செய்தி அல்ல.

அடியில் மீன்துடுப்பு போல் நிற்கும் தகடுகளை ஃபின் என்கின்றனர். ஒற்றை ஃபின் நேராக ஓடவும், ஆஸ்திரேலியரான சைமன் ஆண்டர்சன் 1980-களின் தொடக்கத்தில் பரவலாக்கிய மூன்று ஃபின் அமைப்பு கூர்மையாகத் திரும்பவும் உதவும். கற்பவருக்கு மூன்றும் இருப்பது பாதுகாப்பான தேர்வு. அவை வளையும் ரப்பரால் ஆனவையாக இருந்தால் இன்னும் நல்லது, ஏனெனில் தொடக்கத்தில் படும் காயங்களில் பல சொந்தப் பலகை திரும்பி அடிப்பதால் வருபவை. பின்னங்காலில் கட்டும் லீஷ் கயிறு ஏறத்தாழப் பலகையின் நீளம் இருக்க வேண்டும்.

வாங்கும்போது

முதல் பத்து நாட்களுக்கு வாடகைப் பலகையே போதும். பயிற்சிப் பள்ளிகளில் ஏழு, எட்டு, ஒன்பதடிப் பலகைகளை மாற்றி மாற்றி எடுத்துப் பார்த்தால், எந்த அட்டவணையும் சொல்லாததைத் தோளே சொல்லிவிடும்.

பழைய பலகை வாங்குவதில் தவறில்லை. கட்டைவிரலால் மேற்பரப்பு முழுதும் அழுத்திப் பார்க்க வேண்டும். மெத்தென்று அமுங்கும் இடத்தில் உள்நுரையிலிருந்து கண்ணாடியிழைப் பூச்சு பிரிந்திருக்கிறது என்று பொருள். அளவுக்கு மீறிய கனம் இருந்தால் விரிசல் வழியே நீர் இறங்கியிருக்கலாம். ஃபின் பொருந்தும் குழிகளைச் சுற்றியும் லீஷ் கட்டும் இடத்திலும் மயிரிழை விரிசல் தெரிகிறதா என்று வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பது நல்லது. மஞ்சள் நிறம் மட்டும் ஏறியிருந்தால் அது வெயிலின் வேலை, அதற்காக ஒதுக்க வேண்டியதில்லை. ஆனால் சித்திரை வெயிலில் பூட்டிய காருக்குள் ஒரு மதியம் கிடந்த பலகை புதியதாக இருந்தாலும் பூச்சு உப்பிவிடக்கூடும். கால் வழுக்காமல் இருக்க மேலே தேய்க்கும் மெழுகிலும் வெப்பக் கடலுக்கென்று தனிவகை உண்டு. குளிர்நாட்டு மெழுகு நம் கரையில் உருகி வழிந்துவிடும்.