கண்ணாடிப் பேழையில் ஒரு கைலி

1658இல் தூத்துக்குடியைப் பிடித்த டச்சுக்காரர்களுக்கு முத்தோடு துணியும் முக்கியமான சரக்கு. சோழமண்டலக் கரையில் சாயமேற்றிய பருத்தித் துணிகள் ஐரோப்பியரின் மேலங்கிகளாயின; அவற்றில் அருமையான பலவற்றை இன்று லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் வைத்திருக்கிறது. தூத்துக்குடி மில்லர்புரத்துக்காரர் அவற்றைப் பார்க்கக் கடல் கடக்க வேண்டும். நம் ஊரிலேயே ஒரு துணி அருங்காட்சியகம் வேண்டும். உடுத்திக் கிழிவது கலையா என்று கேட்கலாம். செப்புத் திருமேனியும் வழிபாட்டுக்கென வார்த்ததுதான். அதைக் காட்சிக்கு வைக்க நாம் தயங்கவில்லையே!

கடற்காற்றின் ஈரத்தில் துணி தாங்காது என்பதுதான் வலுவான மறுப்பு. பூஞ்சையும் பூச்சியும் நிஜம். ஆனால் ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்தி, 50 லக்ஸ் அளவு மங்கிய வெளிச்சத்தில் சில மாதம் காட்டிவிட்டு, இருட்டறையில் ஓய்வு தருவது அருங்காட்சியகங்களின் வழக்கம். அகமதாபாத்தில் சாராபாய் குடும்பம் 1949இல் காலிகோ துணி அருங்காட்சியகத்தைத் தொடங்கியது. இங்கே தொடங்கினால் பட்டு மட்டும் போதாது. உப்பளத் தொழிலாளியின் கைலியும் வேண்டும். கல்யாணப் பட்டைப் பெட்டி காக்கும், வேலைத்துணி கரித்துணியாகிவிடும்.