காவிரிக் கரைக்குச் செல்லலாமா? நோயாளரும் குடும்பத்தாரும் அறிய வேண்டியவை

கோடை விடுமுறை தொடங்கியதும், எங்கள் புறநோயாளர் பிரிவில் மாத்திரை குறித்த கேள்விகளுக்கு நடுவே வேறொரு கேள்வியும் தயக்கத்துடன் எழுவதுண்டு. "பேரப்பிள்ளைகள் முக்கொம்புக்குப் போக வேண்டும் என்கிறார்கள். அப்பாவையும் அழைத்துச் செல்லலாமா, டாக்டர்?" பெரும்பாலான வேளைகளில் எங்கள் விடை "அழைத்துச் செல்லுங்கள்" என்பதே. நோய் ஒருவரை வீட்டுக்குள் அடைக்கும்போது, அவரைப் பேணுவோரும் உடன் அடைபடுகின்றனர். மாதக்கணக்கில் மருந்துச் சீட்டையும் மருத்துவமனையையும் அன்றி வேறொன்றும் காணாத ஒரு மகளுக்கும் மருமகளுக்கும் ஆற்றங்கரையில் கழியும் இரண்டு மணி நேரம் அருமருந்தாகும்.

ஆயினும் வெளியே செல்லும் நாளில் நேரும் தீங்குகள் பற்றி ஒன்றைச் சொல்ல வேண்டியுள்ளது. வெயிலுக்கு எல்லோரும் அஞ்சுகின்றனர், குடை எடுக்கின்றனர். அன்பினால் செய்யப்படும் சில செயல்களுக்கு ஒருவரும் அஞ்சுவதில்லை. வழியில் வாங்கித் தரும் இளநீர், கோயிலில் வெறுங்காலுடன் ஒரு சுற்று, ஆற்றில் "ஒரே ஒரு முழுக்கு" என்பன அவை. இக்கட்டுரை பெரிதும் அவற்றைப் பற்றியதே.

எங்குச் செல்லலாம்?

கடலோர ஊர்களில் வாழ்வோர் மாலையில் கடற்கரைக்குச் செல்வர். கடலற்ற திருச்சிராப்பள்ளிக்குக் காவிரிக் கரையே கடற்கரை. கரூர் சாலையில் மேற்கு நோக்கிச் சென்றால் ஒருபுறம் ஆறும் வழியெங்கும் வாழைத் தோட்டங்களும் தொடர, ஜீயபுரம் வரும். அதைக் கடந்து சில கிலோமீட்டர் சென்றால் முக்கொம்பு. திருப்பராய்த்துறையும் அப்பக்கமே உள்ளது. அங்குப் பழமையான சிவன் கோயிலும், சுவாமி சித்பவானந்தர் 1942-இல் நிறுவிய இராமகிருஷ்ண தபோவனமும் உள்ளன. ஆற்றின் மறுபுறம், ஸ்ரீரங்கத்தை அடுத்த மேலூரில், காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட காப்புக்காட்டில் 2015-இல் திறக்கப்பட்ட வண்ணத்துப்பூச்சிப் பூங்கா இருக்கிறது. மெல்ல நடந்து பழக விரும்புவோர்க்கு எங்கள் பரிந்துரை அதுவே. வடகிழக்குப் பருவமழைக்குப் பின்வரும் வாரங்களில் வண்ணத்துப்பூச்சிகளும் மிகுதியாகத் தென்படும். சக்கர நாற்காலியில் வருவோர் எந்த இடத்துக்கும் புறப்படுமுன் பாதை, கழிப்பறை, விடுமுறை நாள் ஆகியவற்றைக் கேட்டறிந்து செல்வது நன்று.

முக்கொம்பின் வரலாறு பிள்ளைகளுக்குச் சொல்லத்தக்கது. இங்குதான் காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிகிறது. கொள்ளிடத்தின் படுகை தாழ்ந்திருந்தமையால் நீர் பெரும்பகுதி அவ்வழியே ஓடி, காவிரி மணல் மேடிட்டுத் தஞ்சை வயல்கள் வாடின. ஆர்தர் காட்டன் என்னும் பொறியாளர் 1830-களில் இங்கு மேலணையைக் கட்டி அதனைச் சரிசெய்தார். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் கொள்ளிடப் பகுதியின் பழைய மதகுகள் ஒன்பது இடிந்து விழுந்தன. பின்னர்ப் புதிய கதவணை எழுந்தது. ஏறத்தாழ 180 ஆண்டுகள் நின்ற கட்டுமானத்தையே பெயர்க்கவல்லது இவ்வாற்றின் விசை என்பதை நினைவிற்கொண்டு, அடுத்துச் சொல்லப்போவனவற்றைப் படிக்க வேண்டுகிறோம்.

எவ்வேளையில், எவ்வளவு தொலைவு?

பங்குனி முதல் ஆனி வரை, காலை 6 மணி முதல் 9 மணிக்குள் சென்று திரும்புவதே சிறப்பு. மாலையெனில் 4.30-க்குப் பிறகு. தை, மாசி மாதங்களில் இக்கட்டுப்பாட்டைச் சற்றுத் தளர்த்தலாம். டாக்சிசைக்ளின் போன்ற சில மருந்துகளை உட்கொள்வோர்க்குச் சிறிது வெயிலிலேயே தோல் சிவந்து எரியக்கூடும். முழுக்கைச் சட்டையும் குடையும் அவர்களுக்குக் கட்டாயம்.

மாரடைப்புக்குப் பின்னோ, இதய அறுவைக்குப் பின்னோ நடக்கத் தொடங்கியிருப்போர் தொலைவைக் கணக்கிட வேண்டியதில்லை. பேச்சைக் கணக்கிட்டாலே போதும். நடக்கும்போது உடன் வருபவரோடு இயல்பாகப் பேச முடிந்தால் நடையின் வேகம் சரி. ஒரு சொற்றொடரை முடிப்பதற்குள் மூச்சு வாங்கினால் வேகம் மிகை. நெஞ்சில் இறுக்கம், தாடையிலோ இடக்கையிலோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை தோன்றின் உடனே அமர்ந்து 108-ஐ அழைக்க வேண்டும். "வீட்டுக்குப் போய்ப் பார்க்கலாம்" என்று தள்ளிப்போடலாகாது.

கால் வீக்கத்துக்கும் மூச்சுத் திணறலுக்கும் சிறுநீர் பெருக்கும் மாத்திரை எடுப்போர் பலர், வெளியூர் செல்லும் நாளில் அதனை விட்டுவிடுகின்றனர். வழியில் கழிப்பறை கிடைக்காதே என்னும் அச்சமே காரணம். பெண்களில் சிலர் இதே காரணத்தால் காலை முதல் ஒரு வாய் நீரும் அருந்துவதில்லை. இரண்டும் கேடு. மாத்திரையின் நேரத்தை மாற்றலாமா என முன்னரே எங்களிடம் கேளுங்கள்; பெரும்பாலும் வழியுண்டு.

இளநீரும் வாழைப்பழமும்

ஜீயபுரம் பக்கம் சென்று வாழைப்பழம் வாங்காமல் திரும்புவோர் அரியர். சாலையோரத்தில் இளநீர் சீவுவோரைக் கண்டதும் வண்டி தானே நின்றுவிடும். உடல்நலமுள்ளோர்க்கு இவை நல்லுணவு. ஆனால் சிறுநீரகம் பழுதுற்றவர்க்கு, குறிப்பாக டயாலிசிஸ் செய்துகொள்பவர்க்கு, இளநீர் ஆபத்தானது.

காரணம் பொட்டாசியம். ஒரு குவளை இளநீரில் ஏறத்தாழ 500 முதல் 600 மில்லிகிராமும், நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் ஏறத்தாழ 400 மில்லிகிராமும் பொட்டாசியம் உண்டு. நலமான சிறுநீரகம் மிகுதியைச் சிறுநீரில் வெளியேற்றிவிடும். பழுதுற்ற சிறுநீரகத்தால் அது இயலாது. இரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் தசை தளரும், இதயத் துடிப்பு தடுமாறும். சில வேளை முன்னறிவிப்பு ஏதுமின்றி இதயம் நின்றுவிடும். எனவே "வெயிலுக்கு நல்லது, ஒன்று குடியுங்கள்" என்று உறவினர் நீட்டும் இளநீரை மறுக்கும் துணிவு நோயாளருக்கு வேண்டும். அவர் மறுக்கும்போது வற்புறுத்தாத பண்பு உறவினருக்கும் வேண்டும். இரத்த அழுத்தத்துக்கு ராமிப்ரில், எனலாப்ரில், டெல்மிசார்டன் எடுப்போரும், ஸ்பைரனோலாக்டோன் எடுப்போரும் தம் சிறுநீரகப் பரிசோதனை முடிவை மருத்துவரிடம் காட்டி, இளநீர் அருந்தலாமா எனக் கேட்டுக்கொள்வது நன்று. ஓ.ஆர்.எஸ். கரைசலிலும் உப்பும் பொட்டாசியமும் இருப்பதால் இதய, சிறுநீரக நோயாளர் அதனையும் கேளாது அருந்தலாகாது.

டயாலிசிஸ் செய்துகொள்வோர் ஒரு நாளைக்குரிய நீரளவை ஒரு புட்டியில் ஊற்றி எடுத்துச் செல்லலாம். அளவு கண்முன் இருக்கும். ஃபிஸ்டுலா உள்ள கையில் பை சுமத்தல் கூடாது. பேரக்குழந்தையையும் மறு கையிலேயே ஏந்துங்கள்.

உணர்விழந்த பாதங்கள்

நீண்டகாலச் சர்க்கரை நோய் பாதத்தின் உணர்வைக் குறைக்கும். உணர்வுள்ளவர் சூடான கல்லில் கால் வைத்ததும் துள்ளி விலகுவார். உணர்விழந்தவரோ ஒரு சுற்று முழுதும் நடந்து முடிப்பார். வீடு திரும்பிய பின்னரே உள்ளங்காலில் கொப்புளத்தைக் காண்பார். அக்கொப்புளமே புண்ணாகி, ஆறாது, விரலையோ பாதத்தையோ இழக்கும் நிலைக்குக் கொண்டு சென்றுவிடக்கூடும். கோயில் பிராகாரத்தின் கருங்கல்லும், நண்பகலில் ஆற்றுமணலும் இவ்வகையில் ஒன்றே.

ஆதலால் சர்க்கரை நோயாளர் கோயிலுக்குச் செல்வது வெயில் ஏறுமுன் அமைதல் வேண்டும். தரையின் சூட்டை அவர் பாதத்தால் அளக்க வேண்டா. உடன் வருபவர் தம் உள்ளங்கையை வைத்துப் பார்க்கட்டும். பருத்திக் காலுறை அணிந்து செல்ல இயலுமாயின் அணியுங்கள். ஆற்றங்கரையில் செருப்பைக் கழற்ற வேண்டிய தேவையே இல்லை. அன்றிரவு இரு உள்ளங்கால்களையும் விளக்கொளியில் பார்த்த பின்னரே உறங்கச் செல்லுங்கள்.

இன்சுலினை நிறுத்திய காரில் விட்டுச் செல்லாதீர்கள். கதவடைத்த கார் சிறிது நேரத்திலேயே அடுப்பாகிவிடும். பனிக்கட்டியோடு நேரே ஒட்டி வைப்பதும் தவறு, உறைந்த இன்சுலின் பயன்படாது. ஈரத்துணி சுற்றிய பையில் நிழலில் வைத்தால் போதும். இன்னொன்று: வெயிலில் நடந்தவர் வியர்த்து நடுங்கினால் "வெயில் தாங்கவில்லை" என்று எண்ணுகிறோம். அது சர்க்கரை தாழ்ந்ததன் அறிகுறியாகவும் இருக்கலாம். கருவி இருப்பின் சோதியுங்கள். இல்லையேல் காத்திராமல் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடத்தில் தெளிவு வராவிடில் மீண்டும் கொடுக்கலாம். விழுங்க இயலாத நிலையில் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

ஆறு

ஸ்ரீரங்கத்தின் பங்குனித் திருவிழாவில் மூன்றாம் நாள் நம்பெருமாள் ஜீயபுரத்துக்கு எழுந்தருளுவதை இப்பகுதியார் அறிவர். காவிரியில் பேரனைப் பறிகொடுத்ததாகக் கலங்கிய ஒரு பாட்டியின் இல்லத்துக்கு, அரங்கனே அப்பேரன் உருவில் வந்து பழைய சோறு உண்டதாக வழங்கும் கதையை ஒட்டியது அவ்வைபவம். பல்லக்கைத் தொடர்ந்து நடப்போரும் உளர். அந்நாளின் வெயிலும் நெரிசலும் புற்றுநோய்க்கு மருந்தேற்றிக்கொண்டிருப்போர்க்கும், அண்மையில் அறுவை செய்துகொண்டோர்க்கும் ஏற்றவை அல்ல. அவர்கள் வேறொரு நாளில், கூட்டமற்ற காலைப்பொழுதில் சென்று வணங்கலாம்.

அக்கதையில் பேரன் திரும்பி வந்தான். ஆற்றில் இறங்கிய எல்லோரும் அவ்வாறு திரும்புவதில்லை. காவிரியின் ஆபத்து அதன் அமைதியில் உள்ளது. கோடையில் மணலாய்க் கிடக்கும் ஆறு, மேட்டூர் அணை திறக்கப்பட்ட பின் பெருகி வரும். அணையை ஜூன் 12-இல் திறப்பது மரபு. நீர்வரவைப் பொறுத்து நாள் மாறும். கர்நாடகத்து மலைகளில் பெய்த மழையால் இங்கு நீர் உயருகையில் நம் தலைக்கு மேல் வானம் தெளிவாகவே இருக்கும். மதகுகளுக்குக் கீழ்ப்புறம் நீர் சுழலும். மணல் அரிக்கப்பட்ட இடங்களில் முழங்கால் ஆழத்துக்கு அடுத்த அடியிலேயே ஆளை மூழ்கடிக்கும் பள்ளம் இருக்கும். நீந்தத் தெரிந்தவர்க்கும் இது பொருந்தும்.

முக்கொம்பில் கரையிலிருந்தும் பூங்காவிலிருந்தும் ஆற்றைக் காணுங்கள். தடை செய்யப்பட்ட இடத்தில் இறங்காதீர்கள். பிள்ளைகளைக் கவனிக்கும் பொறுப்பு "எல்லோருக்கும்" என்றால் ஒருவருக்கும் இல்லை என்றே பொருள். ஒருவரைப் பெயர் சொல்லி நியமித்து, அரைமணிக்கு ஒருமுறை ஆளை மாற்றுங்கள்; அப்பொழுது அவர் கையில் கைப்பேசி இருத்தல் ஆகாது. நோயாளரைப் பேணுபவருக்கே இப்பொறுப்பையும் சேர்த்துத் தராதீர்கள்.

வலிப்பு நோயுள்ளோர் ஆற்றில் குளிக்கவே கூடாது. வலிப்பு பல மாதங்களாக வராதிருந்தாலும் இதுவே எங்கள் அறிவுரை. ஆறாத புண், அறுவைத் தையல், சிறுநீர்க் குழாய், டயாலிசிஸ் குழாய் உள்ளோரும் நீரில் இறங்கலாகாது. ஆடிப்பெருக்கு நாளில் முளைப்பாரி விட வருவோர் படித்துறையிலேயே நின்று நீரைக் கையில் அள்ளித் தெளித்துக்கொள்ளலாம். நீரில் இறங்கியவர்க்கு அடுத்த மூன்று வாரங்களுக்குள் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவத்தல் ஆகியவை தோன்றினால் எலிக்காய்ச்சலாக இருக்கக்கூடும். ஆற்றில் இறங்கியதை மருத்துவரிடம் மறவாமல் சொல்லுங்கள். நாங்கள் கேட்கத் தவறினாலும் நீங்கள் சொல்லிவிடுங்கள்.

ஒருவர் நீரில் தத்தளிப்பதைக் கண்டால் குதிக்காதீர்கள். காப்பாற்றச் சென்றவரும் சேர்ந்து மூழ்குவதே இத்தகைய விபத்துகளின் பெருந்துயரம். கயிறு, முடிச்சிட்ட வேட்டி, சேலை, மூடிய காலிக் குடம் ஆகியவற்றுள் எது கிடைப்பினும் வீசுங்கள். கரைசேர்த்தபின் தலைகீழாகப் பிடித்தல், வயிற்றை அழுத்தி நீர் எடுத்தல் ஆகியவற்றால் பயனில்லை, காலமே வீணாகும். மூச்சு இல்லையெனில் உடனே வாயோடு வாய் வைத்து மூச்சளித்து, மார்பை அழுத்தத் தொடங்க வேண்டும். ஒருவர் இதனைச் செய்ய, மற்றொருவர் 108-ஐ அழைக்கட்டும்.

வெயில் தாக்கினால்

முதியோர்க்குத் தாகம் தாமதமாகவே தோன்றும். நீர் அருந்தத் தடையில்லாதவர்க்கு அரைமணிக்கு ஒருமுறை நீங்களே கொடுங்கள். தலைவலி, குமட்டல், களைப்பு தோன்றின் நிழலில் படுக்கவைத்து, கால்களைச் சற்று உயர்த்தி, நீர் அருந்தச் செய்யலாம். உடல் கொதிக்க, பேச்சுக் குழறி, ஆளை அடையாளம் தெரியாத நிலை வந்தால் அது வெப்பவாதம், உயிருக்கே ஆபத்து. 108-ஐ அழைத்துவிட்டு, வண்டி வரும் வரை உடல் முழுதும் நீர் ஊற்றி விசிறிக்கொண்டே இருங்கள். காவிரிக் கரையில் நீருக்குப் பஞ்சமில்லை; கோடையில் ஆறு வறண்டிருக்கக்கூடும் என்பதால் காரில் ஒரு குடம் தண்ணீர் கூடுதலாக வைத்திருங்கள்.

புறப்படுமுன் மருந்துச் சீட்டின் நகல் ஒன்றையும், அன்றைய மாத்திரைகளையும் நோயாளரின் சட்டைப்பையிலேயே வையுங்கள். கூட்டத்தில் பிரிந்தாலும் அவை அவரோடிருக்கும். எங்குச் செல்வது என்று முடிவு செய்தபின் ஐயமிருப்பின், அடுத்த வருகை வரை காத்திராமல் எங்கள் புறநோயாளர் பிரிவுச் செவிலியரிடம் கேளுங்கள்.