எல்லையறியா நீர்: தில்லி மாநகரின் அனுபவமும் வட்டாரத் திட்டமும்

மாநகர் ஒன்றின் ஆட்சி எல்லையை நிலப்படத்தில் ஒரு கோட்டினால் காட்டிவிடலாம். ஆனால், அம்மாநகரத்தார் பருகும் நீர் அக்கோட்டிற்கு அப்பாலிருந்து வருகிறது. அவர்கள் கழிக்கும் நீர் அக்கோட்டைக் கடந்து அப்பால் செல்கிறது. குடிநீர், கழிவுநீர், சுகாதாரம் முதலிய பொதுப் பணிகளை நகர எல்லைக்குள் மட்டும் நோக்கித் திட்டமிடும்போது விளையும் இடர்களை விளக்குவதற்குத் தில்லி மாநகரின் அனுபவம் தக்கதோர் எடுத்துக்காட்டாகும்.

1955-ஆம் ஆண்டின் காமாலை நோய்

1941-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தில்லியின் மக்கள் தொகை சுமார் 9.18 இலட்சம். 1951-ஆம் ஆண்டில் அது 17.44 இலட்சமாக உயர்ந்தது. பிரிவினையை அடுத்து இலட்சக்கணக்கான அகதிகள் வந்து குடியேறியது இவ்வுயர்வுக்கு முக்கியக் காரணம். குடியிருப்புகள் பெருகிய வேகத்தில் கழிவுநீர்க் குழாய்களும் சுத்திகரிப்பு வசதிகளும் பெருகவில்லை. நகரின் மேற்குப் பகுதிகளின் கழிவுநீரில் பெரும்பகுதி நஜாஃப்கர் கால்வாய் வழியாக யமுனையில் கலந்தது. இக்கால்வாய் ஆற்றைச் சேரும் இடத்திற்குச் சற்றே மேற்புறத்தில், அதே கரையில், வஜீராபாத்தில் குடிநீருக்கான நீர் எடுக்கப்பட்டு வந்தது. ஆறு தெற்கு நோக்கிப் பாய்வதால், கீழ்ப்புறத்தில் கலக்கும் அழுக்கு மேற்புறத்தை எட்டாது என்பதே இவ்வமைப்பின் அடிப்படை.

1955-ஆம் ஆண்டின் மழைக்கால வெள்ளம் வடிந்தபின் யமுனை தன் போக்கை மாற்றிக்கொண்டது. அதன் விளைவாக, நவம்பர் மாதத்தில் நஜாஃப்கர் கால்வாயின் கழிவுநீர் எதிர்த்திசையில் ஏறி, குடிநீர் எடுக்கும் இடத்தை அடைந்தது. டிசம்பர் மாதம் முதல் 1956-ஆம் ஆண்டு ஜனவரி வரையில் மஞ்சட்காமாலை நகரில் பரவிற்று. நோயுற்றோர் சுமார் 29,300 பேர் என மதிப்பிடப்பட்டது. கருவுற்ற பெண்களிடையே இந்நோய் ஏனையோரைக் காட்டிலும் கடுமையாக இருந்தது. அவர்களுள் மாண்டோரின் விகிதமும் மிகுதியாக இருந்தது.

குளோரின் ஏன் போதவில்லை?

நீர்நிலையத்தார் வாளாவிருக்கவில்லை. நீர் மாசுற்றதைக் கண்டவுடன் குளோரின் அளவை உயர்த்தினர். அதன் பயனாக டைபாய்டு, வயிற்றுப்போக்கு போன்ற நோய்கள் பெருகவில்லை. ஆனால் காமாலை பெருகியது. டைபாய்டை உண்டாக்கும் பாக்டீரியங்கள் குளோரினால் எளிதில் அழிவன. காமாலைக்குக் காரணமான வைரஸ் அதனினும் உறுதியானது. நீரில் கலங்கலும் கழிவுப் பொருளும் மிகுந்திருக்கும்போது குளோரினின் பெரும்பகுதி அவற்றிலேயே செலவாகிவிடுகிறது. கலங்கலில் பொதிந்த வைரஸ் தப்பிவிடுகிறது.

அந்நாளில் இந்நோய், கல்லீரல் அழற்சியில் இன்று 'ஏ' வகை எனப்படும் நோய் எனக் கருதப்பட்டது. சேமித்து வைக்கப்பட்டிருந்த இரத்த மாதிரிகளை ஆராய்ந்து 1980-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு, அது 'ஏ' வகை அன்று என்று காட்டியது. பின்னர் இது 'ஈ' வகை வைரஸின் விளைவு எனத் தெளிவாயிற்று. நோய்க் கிருமி உடலுட்புகுந்து நோய் வெளிப்படுவதற்குப் பல வாரங்கள் செல்லும். எனவே, மருத்துவமனைக்கு நோயாளிகள் வரத் தொடங்கும் வேளையில் மாசுற்ற நீர் முன்னரே வீடுவீடாகப் போய்ச் சேர்ந்திருக்கும். மூலத்தை மாசுறாமல் காப்பதற்கு ஈடாகச் சுத்திகரிப்பு மட்டும் அமையாது என்பதே இந்நிகழ்ச்சி தரும் முதற்பாடம்.

நகர அளவிலான சீரமைப்பு

அக்காலத்தில் தில்லியின் பொதுப் பணிகள் பல நகராட்சிக் குழுக்களிடமும் வாரியங்களிடமும் பிரிந்து கிடந்தன. 1957-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1958-ஆம் ஆண்டு ஏப்ரல் 7-ஆம் தேதி தில்லி மாநகராட்சி நிறுவப்பட்டது. பல உள்ளாட்சி அமைப்புகள் அதனுள் இணைக்கப்பட்டன. புது தில்லி நகராட்சிக் குழுவும் இராணுவக் குடியிருப்பு வாரியமும் தனித்தே நின்றன. நிலத்தின் பயனை ஒழுங்குபடுத்துவதற்கெனத் தில்லி வளர்ச்சி ஆணையம் 1957-ஆம் ஆண்டில் அமைக்கப்பட்டது. வஜீராபாத்தில், குடிநீர் எடுக்கும் இடத்திற்கும் கால்வாயின் முகத்துவாரத்திற்கும் இடையே, யமுனையின் குறுக்கே ஓர் அணை கட்டப்பட்டு 1959-ஆம் ஆண்டில் முடிவுற்றது. கீழ்ப்புற அழுக்கு மேலேறும் வழி இவ்வாறு அடைக்கப்பட்டது.

1962-ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் தேதியன்று தில்லியின் பெருந்திட்டம் நடைமுறைக்கு வந்தது. நகரைச் சுற்றிப் பசுமை வளையம் அமைத்தல், காஸியாபாத், ஃபரீதாபாத், குர்காவ்ன், பகதூர்கர் முதலிய சுற்று நகரங்களை வளர்த்து மக்கள் நெருக்கத்தைக் குறைத்தல் ஆகியவை அதன் கருத்துகளுள் அடங்கும். ஆயினும் இச்சுற்று நகரங்களிற் பெரும்பாலானவை தில்லிக்கு வெளியே, பிற மாநிலங்களின் ஆட்சிக்கு உட்பட்டவை. தில்லிக்கென வகுத்த திட்டம் அங்கு சட்டபூர்வமாகச் செல்லுபடியாகாது.

வட்டாரத் திட்டம்

நிலம், நீர், பொதுச் சுகாதாரம், உள்ளாட்சி ஆகியவை அரசியலமைப்பில் மாநிலப் பட்டியலில் உள்ளவை. எனவே, பல மாநிலங்களுக்குப் பொதுவான திட்டம் வேண்டுமாயின் அம்மாநிலங்களின் இசைவு இன்றியமையாதது. ஹரியானா, உத்தரப் பிரதேசம், இராஜஸ்தான் ஆகிய மாநிலங்களின் சட்டமன்றங்கள் அரசியலமைப்பின் 252-ஆம் விதியின்படி தீர்மானம் நிறைவேற்றியபின், 1985-ஆம் ஆண்டில் தேசியத் தலைநகர் வட்டாரத் திட்ட வாரியச் சட்டம் இயற்றப்பட்டது. வாரியத்தின் முதல் வட்டாரத் திட்டம் 1989-ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. தில்லியின் பரப்பு 1,483 சதுர கிலோமீட்டர்; வட்டாரத்தின் பரப்போ இன்று சுமார் 55,000 சதுர கிலோமீட்டர். வாரியம் திட்டம் வகுக்கிறது. பணிகளுக்குக் கடனுதவியும் அளிக்கிறது. செயற்படுத்துவது பெரும்பாலும் அந்தந்த மாநிலத்தின் பொறுப்பு.

நீர்ப் பங்கீட்டுக்கும் இத்தகைய இசைவே அடிப்படை. 1994-ஆம் ஆண்டு மே 12-ஆம் தேதி ஐந்து மாநில, பிரதேச அரசுகள் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, பங்கிடத்தக்க யமுனை நீரான 1,198.3 கோடி கன மீட்டரில் தில்லிக்கு 72.4 கோடி கன மீட்டர் உரியது. அதாவது, ஏறக்குறைய நூற்றில் ஆறு பங்கு. இதுவன்றி, உத்தரப் பிரதேசத்தின் மேல் கங்கைக் கால்வாயிலிருந்தும் பக்ரா நீர்த்தேக்கத்திலிருந்தும் நீர் வருகிறது. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 1.68 கோடி மக்கள் வாழ்ந்த மாநகர், இவ்வாறு பிற மாநிலங்களின் கால்வாய்களை நம்பி நிற்கிறது.

இன்னும் முடிவுறாத பணி

அணை கட்டியதோடு இடர் நீங்கிவிடவில்லை. அது திசை மாறியது. இன்று வஜீராபாத்துக்குத் துன்பம் தருவது மேற்புறத்திலிருந்து வரும் மாசு. தொழிற்சாலைக் கழிவும் நகரக் கழிவும் ஆற்றில் கலப்பதால் நீரில் அம்மோனியா மிகும் நாட்களில், சுத்திகரிப்பு நிலையங்கள் உற்பத்தியைக் குறைக்கவோ நிறுத்தவோ நேர்கிறது. அம்மோனியா குளோரினுடன் சேர்ந்து குளோரமின் எனப்படும் கூட்டுப்பொருளாகிறது. அதன் கிருமி கொல்லும் ஆற்றல் தனிக் குளோரினைவிடக் குறைவு. ஆதலின் மேற்புறத்து நகரின் கழிவுநீர் நிலையம் செம்மையாக இயங்குவது கீழ்ப்புறத்து நகரின் குடிநீர்ப் பாதுகாப்புக்கு ஒரு பகுதியே ஆகும்.

நஜாஃப்கர் கால்வாயும் இதையே உணர்த்துகிறது. பழைய சாஹிபி ஆற்றின் போக்காகிய இது, தில்லிக்குள் 57 கிலோமீட்டர் ஓடுகிறது. சுற்று நகராக வளர்க்கக் கருதப்பட்டு, இன்று குருகிராம் எனப்படும் குர்காவ்னின் வடிகால்களும் இதிலேயே வந்து சேர்கின்றன. மக்கள் நெருக்கத்தைப் பகிர்ந்துகொள்ள எழுந்த நகர், கழிவுநீரைத் திரும்ப அனுப்புகிறது. வெள்ளமும் எல்லையை மதிப்பதில்லை. 2023-ஆம் ஆண்டு ஜூலை மாதம் யமுனை 208.66 மீட்டர் உயரத்தை எட்டியபோது, வஜீராபாத், சந்திராவல், ஓக்லா ஆகிய மூன்று நீர்நிலையங்கள் ஒருங்கே மூடப்பட்டன.

தில்லிக்குள்ளும் பொறுப்புகள் பிரிந்தே உள்ளன. குடிநீரும் கழிவுநீரும் 1998-ஆம் ஆண்டில் அமைந்த தில்லி நீர் வாரியத்தைச் சேர்ந்தவை. குப்பை அகற்றுவது உள்ளாட்சி அமைப்புகளின் பணி. நிலத் திட்டம் மத்திய அரசின் கீழுள்ள வளர்ச்சி ஆணையத்தைச் சேர்ந்தது. பொறுப்பைப் பகிர்வதில் தவறில்லை. ஓர் அமைப்பு அறிந்த செய்தி மற்றோர் அமைப்பை உரிய நேரத்தில் எட்டாதபோதுதான் தீங்கு நேர்கிறது.

கள ஊழியரும் ஆசிரியரும் செய்யத்தக்கவை

கள ஊழியர் தம் பகுதிக் குழாய்நீரில் எஞ்சிய குளோரின் அளவை எளிய பரிசோதனைப் பெட்டியால் அறியலாம். இந்தியத் தர நிர்ணயப்படி, அது லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் இருத்தல் வேண்டும். வைரஸ் நோய்களிலிருந்து காப்பு வேண்டுமிடத்து 0.5 மில்லிகிராம் வேண்டும். அளவு திடீரெனக் குறைந்தால் குழாயில் அழுக்கு புகுந்திருக்கக்கூடும். ஒரே தெருவில் இரண்டு மூன்று பேருக்குக் காமாலை கண்டால், மேலும் பலர் நோயுறும்வரை காத்திராமல் சுகாதார அலுவலருக்கும் குடிநீர் அலுவலகத்திற்கும் ஒருங்கே தெரிவித்தல் நலம். இடையில், நீரைக் கொதிக்கவைத்துப் பருகுமாறு வீடுதோறும், சிறப்பாகக் கருவுற்ற பெண்கள் உள்ள வீடுகளில், எடுத்துரைக்க வேண்டும்.

ஆசிரியர்கள் மாணவரைக் கொண்டு ஒரு படம் வரையச் செய்யலாம். பள்ளிக் குழாயின் நீர் எந்த ஆற்றிலிருந்து, எந்த நிலையம் வழியாக வருகிறது? பள்ளியின் கழிவுநீர் எந்த வடிகால் வழியாக எங்குச் சேர்கிறது? அவ்விடத்திற்குக் கீழே நீர் எடுக்கும் ஊர் எது? ஒவ்வொரு பகுதிக்கும் பொறுப்பான அலுவலகத்தின் பெயரையும் அப்படத்தில் குறிக்கச் செய்க. எந்த இடத்திற்குப் பெயர் எழுத இயலவில்லையோ, அவ்விடமே முதலில் கவனிக்கப்பட வேண்டியது. ஆட்சி எல்லைக் கோட்டை இறுதியில் வரையச் சொன்னால், நீரின் பாதை அக்கோட்டை எத்தனை முறை கடக்கிறது என்பதை மாணவர் தாமே எண்ணிப் பார்த்து அறிவர்.