இலவச வைத்தியத்தின் விலை: லிந்துலைத் தோட்டங்களில் நோயும் கடனும்

இலங்கையின் அரச வைத்தியசாலைகளில் நோயாளியிடம் பில் நீட்டப்படுவதில்லை. வைத்தியர், கட்டில், சத்திரசிகிச்சை எல்லாம் இலவசம். ஆனாலும் லிந்துலைப் பகுதியின் லயங்களில் ஒருவருக்குப் பெரிய நோய் வந்தால் நகை அடகுக்குப் போகிறது, வட்டிக்குப் பணம் வாங்கப்படுகிறது. இலவச வைத்தியம் உள்ள நாட்டில் இந்தக் கடன் எங்கிருந்து வருகிறது?

முதற் செலவு தூரம். லிந்துலை வைத்தியசாலையில் முடியாத நோய்க்கு நுவரெலியாவுக்கோ டிக்கோயாவுக்கோ அனுப்புவார்கள். அங்கும் முடியாவிட்டால் கண்டி, புற்றுநோய் என்றால் மஹரகம. மலை உச்சியில் உள்ள டிவிஷனிலிருந்து பிரதான வீதிக்கு வரவே பலருக்கு முச்சக்கரவண்டி தேவை.

இரண்டாவது, இழந்த பேர். 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. வேலைக்குப் போகாத நாளுக்குப் பேர் இல்லை. கண்டி கிளினிக்குக்கு நோயாளியும் துணைக்கு ஒருவரும் போனால், அந்தச் சம்பளக் கணக்கில் பஸ் ஏறுவதற்கு முன்பே வீட்டுக்கு 2,700 ரூபா நட்டம். மாதம் ஒரு தடவை கிளினிக் என்றால் வருடத்துக்கு 32,400 ரூபா. எந்த வைத்தியசாலையும் இதற்குப் பற்றுச்சீட்டுத் தருவதில்லை.

மூன்றாவது, வெளியில் எழுதிக்கொடுக்கும் மருந்தும் பரிசோதனையும். வைத்தியசாலையில் மருந்து இல்லாவிட்டால், ஸ்கேனுக்கு நீண்ட நாள் காத்திருக்க வேண்டுமானால், துண்டு ஒன்று கைக்கு வரும். 2022 பொருளாதார நெருக்கடியில் ரூபா வீழ்ந்தபோது மார்ச்சில் மருந்து விலையை 29 வீதத்தால் உயர்த்த அனுமதி வழங்கப்பட்டது. ஏப்ரலில் மேலும் பல மருந்துகளுக்கு 40 வீத உயர்வு வந்தது. மருந்தில் பெரும்பகுதி இறக்குமதி என்பதால் அந்த அடி நேரே நோயாளியின் பையில் விழுந்தது.

இந்த மூன்றும் வடக்கு வாசகர்களுக்குப் புதியவை அல்ல. உடலில் செல் துண்டுகளோடு முல்லைத்தீவிலிருந்து யாழ்ப்பாணத்துக்குக் கிளினிக் போகிறவரின் கணக்கும் இதுதான். 1977 வன்செயலுக்குப் பின் மலையகத்திலிருந்து வன்னிக்குப் போய்க் குடியேறி, பிறகு போரையும் சந்தித்த குடும்பங்கள் இரண்டு கணக்கையும் அறிந்தவை.

தோட்டத்துக்கு மட்டும் உரிய சிக்கல் ஒன்றும் உண்டு. தொழிலாளரின் வைத்தியத்துக்குத் தோட்டமே பொறுப்பு என்று பிரித்தானியர் காலத்தில், 1912இல், சட்டங்கள் எழுதப்பட்டன. அதனால் தோட்ட வைத்தியம் தேசிய சுகாதார சேவைக்கு வெளியே தனியாக வளர்ந்தது. 1990களுக்குப் பிறகு சில தோட்ட வைத்தியசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றது. மற்ற இடங்களில் கம்பனியின் கீழ் வைத்திய உதவியாளர் ஒருவரே இருக்கிறார். குறையைச் சொன்னால் கம்பனி அரசாங்கத்தைக் காட்டும், அரசாங்கம் கம்பனியைக் காட்டும்.

காப்புறுதி? அரச ஊழியர்களுக்கு அக்ரஹார உண்டு. அதே லயத்தில் பிறந்து ஆசிரியரான மகனுக்கு அவரது தொழிலால் அது கிடைக்கும், கொழுந்து பறிக்கும் தாய்க்குத் தன் தொழிலால் அது கிடைக்காது. ஆனால் அந்தத் தாயின் பேரிலும் சில உரிமைகள் இருக்கின்றன. அவற்றுக்கான பணம் ஏற்கெனவே கட்டப்பட்டு வருகிறது. இது பலருக்குத் தெரியாது.

முதலாவது, ஈ.டி.எப். எனப்படும் ஊழியர் நம்பிக்கை நிதியம். தொழில்வழங்குநர் சம்பளத்தின் 3 வீதத்தை இதற்குக் கட்ட வேண்டும். 1,350 ரூபாவுக்கு இது நாளொன்றுக்கு 40 ரூபா 50 சதம். தொழிலாளியின் சம்பளத்தில் இதற்காக எதுவும் கழிக்கப்படுவதில்லை. அதனாலேயே பலர் இதைக் கவனிப்பதில்லை. இந்த நிதியம் ஓய்வுகாலப் பணம் மட்டுமல்ல. வேலையில் இருக்கும் அங்கத்தவருக்கு இருதய சத்திரசிகிச்சை, சிறுநீரக மாற்றுச் சிகிச்சை, கண்ணில் வில்லை பொருத்துதல் போன்றவற்றுக்கு உதவி தருகிறது. கண்புரை நோயுள்ள தொழிலாளி ஓய்வுபெறும் முன்பே கேட்க வேண்டும்.

இரண்டாவது, ஈ.பி.எப். எனப்படும் ஊழியர் சேமலாப நிதி. 2012இல் செய்த சட்டத் திருத்தத்தின்படி, வீட்டுத் தேவைக்கோ குறிப்பிட்ட நோய்களின் சிகிச்சைக்கோ மீதியில் 30 வீதம் வரை ஓய்வுக்கு முன் எடுக்கலாம். 10 வருடப் பங்களிப்பும் குறைந்தது 3 இலட்சம் ரூபா மீதியும் வேண்டும். இது கடன் அல்ல, திருப்பிக் கட்டத் தேவையில்லை. ஆனால் முதுமைக்கான பணம் அந்த அளவுக்குக் குறையும்.

மூன்றாவது, 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம். மலையில் வேலை செய்யும்போது குளவி கொட்டினாலும், வழுக்கி விழுந்து கால் முறிந்தாலும் இது பொருந்தும். வேலை செய்ய முடியாத காலத்துக்கும், நிரந்தர ஊனத்துக்கும், மரணத்துக்கும் நட்டஈடு உண்டு. விபத்து நடந்த அன்றே தோட்ட அலுவலகத்தில் பதியச் செய்வதும், வைத்தியசாலை அட்டையைப் பத்திரப்படுத்துவதும் முக்கியம்.

நான்காவது, தொழில் எதுவானாலும் வறிய நோயாளி கேட்கக்கூடிய ஜனாதிபதி நிதியம். முன்பு இதற்குக் கொழும்பு போக வேண்டியிருந்தது. 2025 பெப்ரவரி முதல் பிரதேச செயலகங்களிலேயே விண்ணப்பிக்கலாம். லிந்துலை மக்களுக்கு அது தலவாக்கலை, வன்னி மக்களுக்கு அவரவர் பிரதேச செயலகம். சிகிச்சைக்குத் திகதி கிடைத்தவுடன், பணம் செலவாகும் முன்பே போய் விசாரிப்பது நல்லது.

இந்தக் கதவுகள் திறக்கத் தாள்கள் வேண்டும். அடையாள அட்டையிலும் ஈ.பி.எப். பதிவிலும் பெயர் ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஒன்றில் 'லெட்சுமி', மற்றதில் 'லட்சுமி' என்றிருந்தாலே விண்ணப்பம் திரும்பி வரலாம். நோய் வந்த பிறகு இதைத் திருத்த ஓடுவதைவிட, உடல் நன்றாக இருக்கும்போதே சரிபார்த்து வைப்பது இலகு. தோட்டம் பணத்தை ஒழுங்காகக் கட்டுகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். அரசுக்குச் சொந்தமான பெருந்தோட்ட நிறுவனங்களே இந்நிதிகளை நிலுவையில் வைத்திருந்த வரலாறு உண்டு. நிலுவை இருந்தால் தொழில் அலுவலகத்தில் முறையிடலாம்.

ஆனாலும், வேலை விபத்து அல்லாத நோய்க்குக் கிளினிக் போகும்போது, இந்த நான்கில் எதுவும் கண்டி பஸ்ஸுக்கும் இழந்த பேருக்கும் என்று பணம் தராது. மாதாந்தக் கிளினிக்கை நுவரெலியாவுக்கும் லிந்துலைக்கும் கொண்டுவருவது, கிளினிக் நாளுக்குச் சம்பளத்துடன் விடுமுறை தருவது ஆகிய இரண்டும்தான் அந்த ஓட்டையை அடைக்கும். முதலாவது சுகாதார அமைச்சின் வேலை. இரண்டாவதைச் சம்பளப் பேச்சுவார்த்தை மேசையில் வைக்க வேண்டியவை, மாதாமாதம் சந்தா பெறும் தொழிற்சங்கங்கள்.